பவுனம்மாள் வைத்த முறை

ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து எழுத்துக்காரர் வருகிறார், ஊர்க் கூட்டம் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று காலையில் பவுனம்மாள் நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டாள். பத்து மாதமாக ஒரு நாளும் தவறாமல் வைக்கிற பொட்டுதான். அன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். தன் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பது வருகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அவள் புருஷன் சின்னப்பன், போன கார்த்திகையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தோணியில் அவனோடு இருந்தவர் ஒரே ஒருவர், ஊர்ப் பெரியதனக்காரர் தெய்வசிகாமணி. அவர் மட்டும் கவிழ்ந்த தோணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். "வெளியில நங்கூரம் போட்டிருந்த உலாந்தாக் கப்பலோட படகு வந்து சின்னப்பனைத் தூக்கினு போச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்று ஊர் கேட்கச் சொன்னார். அந்தக் கப்பல் அன்று மாலையே பாய் விரித்து, கடல் தாண்டி ஒல்லாந்தரின் பெரிய துறைமுகமான பத்தாவிக்குப் போய்விட்டது. பழவேற்காட்டுக் கரையில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பத்தாவிக்குப் போய் நாலு வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு, வராமலே போனவர்களும் உண்டு. வந்தவர்களைப் பற்றி மட்டுமே பவுனம்மாள் விசாரித்து வைத்திருந்தாள்.

சின்னப்பன் உயிரோடு இருப்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருந்தது. ஏரியும் கடலும் கலக்கிற முகத்துவாரத்தில்தான் இறால் ஏறி வரும். அந்த இடம் குறுகல். ஒரு நாளைக்கு இரண்டு வலைக்குமேல் போட முடியாது. ஊரிலோ பதினெட்டு வீடு. எல்லாரும் ஒன்றாக இறங்கினால் வலையோடு வலை சிக்கி, பிறகு ஆளோடு ஆள் சிக்கி, மண்டை உடையும். அதனால் முறை வைத்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு வீடு. ஒன்பது நாளுக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றி வரும். மற்ற நாட்களில் ஏரியில் அகப்படுவது கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் ஆகும். அந்த ஒன்பதாம் நாள் பாடுதான், அன்று வலையில் விழுவதுதான், வீட்டை நிறுத்தும்.

ஊரில் இல்லாதவன் முறை வந்தால் வேறு வீட்டார் வலை போட்டுக் கிடைத்ததில் பாதியை அவன் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை நியாயம்தான். ஆனால் செத்தவன் வீட்டில் தலையெடுத்த மகன் இல்லையென்றால், ஆடியில் அந்த வருஷத்துப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது வீட்டின் பேரையே எடுத்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பவுனம்மாளுக்கு இரண்டும் பெண். மூத்தவள் ருக்குவுக்கு ஏழு வயது. இளையவள் இன்னும் சரியாக நடக்கவில்லை.

ஆக, சின்னப்பன் அவளுக்கு இரண்டு விதத்தில் உயிரோடு வேண்டியிருந்தான். இதில் எது பெரிது என்று யாராவது கேட்டால் அவன்தான் என்று சொல்லுவாள். பிள்ளைகள் பசியில் அழுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டால் வாயடைத்துப் போவாள். அதற்காக அவளைக் குறைவாக நினைக்கிறவர்கள் பட்டினி கிடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆடியில் பக்கத்து ஊர்த் தோணிரேவுக்காரர்களோடு முகத்துவாரத்தில் ஒரு சண்டை வந்தது. வலைகள் அறுபட்டன. இரண்டு ஊர்த் தோணிகளும் வழியை அடைத்துக்கொண்டதில் கோட்டையின் சரக்குப் படகுகள் அரை நாள் நின்றுபோயின. எந்த நாளில் எந்த வீடு இறங்கும் என்று ஒவ்வொரு ஊரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதன்படி காவலாள் விடுவான் என்று கோட்டையில் முடிவாயிற்று. அதற்குத்தான் எழுத்துக்காரர் வந்தார்.

எழுத்துக்காரர் பேர் மாசிலாமணி. கோட்டைத் தெரு வேதக்காரக் குடும்பம். தமிழும் உலாந்தாப் பேச்சும் ஒன்றுபோலத் தெரிந்தவர். ஆவணி வெயிலில் முழங்கால் வரை மேல்சட்டை போட்டுக்கொண்டு, துடைக்கத் துடைக்க வியர்த்தபடி, ஏரிக்கரையில் வலை உலர்த்தும் மேட்டில் பனையோலைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்தார். காகிதத்தை மடியில் விரித்தார். ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் நின்றார்கள். பவுனம்மாள் பின்வரிசையின் முதல் ஆளாக நின்றாள்.

"மொதல்ல எனக்கு ஒரு சந்தேகம் தீரணும்" என்றார் மாசிலாமணி. "எல்லாரும் 'முறை வெக்கிறோம், முறை வெக்கிறோம்'ங்கறீங்க. இத்தை நான் அவங்க பாஷையில எழுதணும். துரை ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி கேப்பாரு. முறை வெக்கிறதுன்னா இன்னா? பங்கு போடறதா?"

"பங்கு மீனுக்கு" என்றான் குப்பன். ஊரில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். "மீனைக் கூறு போடலாம். தண்ணியக் கூறு போடுவியாய்யா?"

கூட்டம் சிரித்தது. மாசிலாமணியும் கோபப்படாமல் சிரித்தார்.

"அப்போ கட்டளை போடறதுன்னு எழுதட்டுமா?"

"அது கோட்டையில போடறது. ஒருத்தர் சொல்லுவாரு, மத்தவங்க கேட்டுக்கணும். முறைன்னா சொல்றவரும் கூட நிக்கணும். எங்க பெரியதனக்காரருக்கும் ஒம்போது நாளைக்கு ஒருக்காதான்."

"வரிசையில நிறுத்தறது?"

"ஆட்டைக்கூடத்தான் வரிசையில நிறுத்தலாம்."

மாசிலாமணி எழுதினதை அடித்தார். எழுதுகிற இறகைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். "சரி, அர்த்தம் வாணாம். எங்கெங்க அந்தச் சொல்லை வெச்சுப் பேசறீங்க? அத்தச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்கு ஆளாளுக்குப் பதில் வந்தது. கோடையில் ஊற்று வற்றும்போது வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைப்போம் என்றார்கள். புயல் மாதத்தில் கரையில் காவலுக்கு முறை வைப்போம் என்றார்கள். பெரியதனக்காரர் பெண்சாதி செல்வம்மாள் பின்னாலிருந்து, "புள்ளப்பேத்துக்குத் துணை உக்காறதுக்கு நாங்க முறை வெப்போம், அத்தயும் எழுதிக்குங்க" என்றாள்.

"இதுல எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது இன்னா?"

குப்பன் கொஞ்சம் யோசித்தான். இந்தத் தடவை அவன் விளையாடவில்லை. "எல்லாருக்கும் வேணும், ஆனா இருக்கறது கொஞ்சம். இல்லாட்டி, சொமை பெருசு, ஒருத்தரால ஆவாது. அப்போ ஒருத்தர் ரெண்டு தரம் எடுக்கக் கூடாது. ஒருத்தரும் வுட்டுப் போவக் கூடாது. அதான் முறை வெக்கிறது."

மாசிலாமணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பட்டியலுக்கு வந்தார். பேர் பேராக, இன்னார் உயிரோடு இருக்கிறார், இந்த ஊர்க்காரர் என்று பெரியதனக்காரர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்பது கோட்டையின் உத்தரவு. எந்த விதமாகச் சத்தியம் செய்வது என்பது ஊரார் இஷ்டம்.

அந்த ஊரில் சத்தியம் ஒரே விதம்தான். ஏரியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, சொல்ல வேண்டியதைச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பொய் சொல்லி ஊற்றிக்கொண்டவன் குடும்பத்தில் ஒருவரை அந்தத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். தினமும் தண்ணீரில் இறங்கிப் பிழைக்கிறவர்களுக்கு இது சும்மா சொல்கிற பேச்சில்லை.

தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். ஐம்பதைத் தாண்டினவர், ஆனாலும் திடமான உடம்பு. மாசிலாமணி பேரைக் கேட்க, அவர் தண்ணீரை அள்ளி, "உசுரோட இருக்கான், எங்க ஊர்க்காரன்" என்று சொல்லித் தலையில் விட்டுக்கொண்டார். குப்பன், தாமோதரன், திருவேங்கடம் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. பதினேழு பேர் முடிந்தது. அவர் தலையும் மார்பும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"பதினெட்டு, சின்னப்பன். கப்பல்ல பத்தாவிக்குப் போனவன்னு சொன்னீங்க. உசுரோட இருக்கானா?"

தெய்வசிகாமணி குனிந்து தண்ணீரை அள்ளினார். நிமிர்ந்தார். விரல் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்துபோயிற்று. மறுபடி அள்ளினார். அதுவும் ஒழுகிற்று.

"பெரியவரே?" என்றார் மாசிலாமணி.

"என்னால சொல்ல முடியாது" என்றார் தெய்வசிகாமணி.

பவுனம்மாள் ஆண்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். புடவை நனைவது தெரியாமல் தண்ணீரில் இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள். "மாமா, கப்பல் படகு வந்து தூக்கினு போச்சுன்னு சொன்னீங்களே" என்றாள்.

"கப்பல் இருந்துச்சும்மா. படகு வரல."

"அப்போ அவரை யாரு தூக்கினது?"

"யாரும் தூக்கல, பவுனு. என் கண்ணு முன்னாடியே முழுகிட்டான்."

அவள் அழவில்லை. அழுகை எங்கேயோ இருந்தது, வழி தெரியாமல் நின்றது. பத்து மாதம் அவள் பேசிக்கொண்டிருந்தது யாரோடு? இளையவள் முதல் அடி எடுத்து வைத்ததை ராத்திரியில் சொன்னது யாருக்கு? வந்தால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவன் வேட்டியைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தாளே, அதையெல்லாம் இந்த மனுஷர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. துக்கத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"செத்தான்னு சொன்னா ஆடியில உன் வூட்டுப் பேரை எடுக்கணும். அத்த நான்தான் எடுக்கணும். ரெண்டு பொண்ணை வெச்சுனு நீ எங்க போவ? உசுரோட இருக்கான்னா பேரு நிக்கும். அதுக்கோசரம்தான் சொன்னேன்."

பவுனம்மாள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். குப்பன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஊகமாவது இருந்திருக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து அவள் பொட்டைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அது இரக்கம்தான். இரக்கம் என்று தெரிந்தும் அவளுக்கு அவர்கள்மேல் ஆத்திரம் பொங்கியது.

மாசிலாமணிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இறகை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டே, "அப்போ இந்தப் பேரை அடிச்சுடறதுதானே வழக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, அதான் வழக்கம்" என்றான் தாமோதரன். பதினேழு வீடானால் சுற்று சீக்கிரம் வரும் என்ற கணக்கு அவனுக்கு. வெளிப்படையாகவே பேசுகிற ஆள், அந்த மட்டும் நல்லவன்.

"அடிக்காதீங்க" என்றாள் பவுனம்மாள்.

கூட்டத்தில் பெண்பிள்ளை குரல் எழும்புவது அந்த ஊரில் புதிதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று எழும்புவது புதிது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இப்பதானே ஐயா கேட்டாரு, முறை வெக்கிறதுன்னா இன்னான்னு. வாய் கிழியச் சொன்னீங்களே. கோடையில ஊத்துக்கு முறை வெச்சப்போ என் வூட்டுக் கொடம் வுட்டுப் போச்சா? சித்திரையில அவரு இல்லாமதான் ரெண்டு கொடம் எடுத்தேன். புயல் மாசத்துல காவலுக்கு முறை வெச்சப்போ, அவரு போன அடுத்த வாரம், கைக்கொழந்தையத் தூக்கினு வந்து கரையில உக்காந்தேனா இல்லியா? ஆம்பள இல்லாத வூடுன்னு அப்போ யாராவது என்னை எழுந்து போன்னு சொன்னீங்களா? சொமைன்னா வூட்டுக்கு முறை. எறாலுன்னா மட்டும் மீசைக்கு முறையா?"

பவுனம்மாள் தாமோதரன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வூட்டை வுட்டுட்டு வெக்கிறதுக்குப் பேரு முறை கெடையாது. ஐயா அதுக்கு வேற சொல்லு இருந்தா எழுதிக்கட்டும்."

"முன்னோருங்க வெச்சதும்மா அது" என்றான் தாமோதரன்.

"வெச்சவங்க செத்துட்டாங்க தாமோதரா" என்றான் குப்பன். "பொண்டாட்டிங்களை வுட்டுட்டுதான் செத்திருப்பாங்க." சொல்லிவிட்டு அவனே முதலில் ஏரியில் இறங்கினான். கை நிறைய அள்ளினான். "வூட்டுக்குத்தான் முறை. ஆளுக்கு இல்ல" என்று தலையில் ஊற்றிக்கொண்டான். திருவேங்கடம் இறங்கினார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியில் தாமோதரனும் முனகிக்கொண்டே இறங்கி, ஊற்றிக்கொண்டு, மூக்கைச் சிந்தினான். தன் பெண்சாதி பின்வரிசையிலிருந்து பார்க்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும்.

மாசிலாமணி சின்னப்பன் என்ற பேரை அடித்து, பக்கத்திலேயே பவுனம்மாள் வீடு என்று எழுதினார். "வலை யாரு போடறது? காவலாளுக்கு ஒரு ஆம்பள பேரு வேணுமே" என்றார்.

"எப்பவும் போல என் பசங்க போடுவாங்க" என்றார் தெய்வசிகாமணி அவசரமாக.

அந்த அவசரம்தான் பவுனம்மாளை நிறுத்தியது. பத்து மாதமாக அவர் பிள்ளைகள் வலை போட்டார்கள். செல்வம்மாள் மீனைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் ஒரு நாள்கூட அவள் வாசல் பக்கம் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால்கூடப் பாதையை மாற்றிக்கொண்டு போவார். இரக்கப்பட்டுப் பொய் சொன்னவனுக்கு எதற்கு இத்தனை ஒளிவு?

"மாமா, தோணி ஏன் கவுந்துச்சு?"

தெய்வசிகாமணி அவளைப் பார்க்காமல் முகத்துவாரத்தின் பக்கம் பார்த்தார்.

"காத்து ஏறிப்போச்சும்மா."

"காத்து தெனமுந்தான் ஏறுது. ரெண்டு பேருக்கும் தண்ணி புதுசா? இன்னா நடந்துச்சு?"

அவர் கை தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்குள் நின்றுகொண்டு அவரால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "அவன் பின்னாடி சுக்கான் பிடிச்சான். தாமான் கயிறு என் கையில. காத்து அடிச்சா பாய்க்கயித்தை வுட்டுக் குடுக்கணும், அப்பதான் தோணி நிமிரும். 'இளக்கு மாமா, இளக்கு'ன்னு கத்தினான். மூணு தரம் கத்தினான். கரைக்குச் சீக்கிரம் போயிடலாம்னு நான் இறுக்கிப் பிடிச்சேன். எனக்குத் தெரியும்னு பிடிச்சேன்."

செல்வம்மாள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது அவளுக்கும் தெரியாது.

அழுகைக்கு அப்போதுதான் வழி கிடைத்தது. பவுனம்மாள் தண்ணீரிலேயே நின்று வாய்விட்டு அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டு, பத்து மாதமாக அழாமல் வைத்திருந்ததை எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். மாசிலாமணி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். வெகுநேரம் அப்படிப் போயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, பெரியவர் என்ற மரியாதை அவள் பேச்சிலிருந்து போயிருந்தது.

"உன் பசங்க வாணாம். என் வூட்டு முறைக்கு வலையை நீதான் போடணும். உன் கையால போட்டு, உன் கையால இழுத்து, நீயே கொணாந்து என் வாசல்ல வெக்கணும். ஆள் அனுப்பக் கூடாது. மாமிகிட்டக் குடுத்தனுப்பக் கூடாது. உனக்கு ஒடம்பு முடியற வரைக்கும். இது நான் வெக்கிற முறை."

குப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெய்வசிகாமணி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். குனிந்தார், அள்ளினார். இந்தத் தடவை விரல்கள் சேர்ந்திருந்தன. "பவுனு வூட்டுக்கு நான் வலை போடறேன்" என்று சொல்லித் தலையில் விட்டுக்கொண்டார். மாசிலாமணி பவுனம்மாள் வீடு என்பதற்குப் பக்கத்தில் தெய்வசிகாமணி என்று எழுதி, மை உலர ஊதினார்.

பதினாறு நாள் சடங்கு நடந்தது. உடம்பு கிடைக்காதவனுக்குச் செய்வதுபோல் வைக்கோலில் ஆள் செய்து அவன் வேட்டியைக் கட்டி எரித்தார்கள். தாலியைக் கழற்ற வந்தவர்களின் கையை ருக்கு தட்டிவிட்டாள். பவுனம்மாள் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு தானே கழற்றிக் கொடுத்தாள். பொய்யான ஆறுதலில் இருந்ததைவிட இந்தத் துக்கம் லேசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது லேசாக இல்லை. ஆனால் ராத்திரியில் தூக்கம் வந்தது.

துக்க நாளில் ஒரு முறை வலை இல்லாமல் போயிற்று. அது கழிந்து முறை வந்த நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தெய்வசிகாமணி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் வலைக்கயிறு இழுத்துச் சிவந்திருந்தன. கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டடி தள்ளி நின்றார். ஏச வேண்டும் என்று பவுனம்மாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். கூடை விளிம்பு வரை இறால் நிறைந்திருந்ததைப் பார்த்தாள்.

"இது மொத்தப் பாடு. பாதியை எடுத்துக்கலியா?"

"அத்தனையும் உன்னுதும்மா. எனக்கு எதுக்கு?"

அவள் உள்ளே போய் முறம் எடுத்து வந்தாள். வாசலில் உட்கார்ந்து, பெரிதும் சிறிதுமாகப் பார்த்துப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று பிரித்தாள். அதற்கு நேரம் பிடித்தது. அவர் ஏறுகிற வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பாதியை முறத்தில் வைத்துக்கொண்டு, மறுபாதியைக் கூடையில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வலை போட்டவங்களுக்குப் பாதி. நீங்க அள்ளிக் குடுத்து நான் வாங்கிக்க வாணாம் மாமா. முறைப்படி வந்தாப் போதும்" என்றாள். அவர் அழுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒம்போதாம் நாளு வாங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.